தாம்பாளம் ஏன் முட்டையானது?

இந்த மாதம் வீடியோ பற்றி வந்த கடிதங்களைப் பிரித்தால் எல்லாமே ஒரே புலம்பல்தான். முகம் நீளுகிறது, முகம் அகலுகிறது, ஓரத்தில் கறுப்பு வருகிறது. மும்பை சயானில் ஒரு பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து இருபது வருடமாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு அடிஸ்கேல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் தங்கையின் கல்யாணம் 2006-இல் மாட்டுங்காவில் நடந்தது. அந்த டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருபதாவது கல்யாண நாளுக்காக அரை மணி நேரமாகச் சுருக்கலாம் என்று பார்க்கிறேன். பழைய டிவிடியை அப்படியே போட்டால் டிவியில் சரியாகத் தெரிகிறது. நான் எடிட் செய்து எடுத்த ஃபைலைப் போட்டால் எல்லோரும் பட்டினி கிடந்தவர்கள் போல ஒல்லி, இரண்டு பக்கமும் கறுப்பு வேறு. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் சரியாகவில்லை. டிவிடி கெட்டுவிட்டதா? — வாசகி, செம்பூர்

டிவிடி கெடவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு மாமி சீர்த் தாம்பாளத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறார் பாருங்கள், அவருக்கு நன்றி சொல்லுங்கள். மனிதர்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, சிலர் ஒல்லி, சிலர் குண்டு. தாம்பாளம் வட்டம். திரையில் ஸ்கேலை வைத்து அளந்தேன், அகலம் 6 செ.மீ., உயரம் 8 செ.மீ. ஆறுக்கு எட்டு, அதாவது மூன்றுக்கு நான்கு. கதை அதிலேயே முடிந்துவிட்டது. அகலமாக, 16:9-இல் (அகலம் 16 என்றால் உயரம் 9) எடுத்த படத்தை உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் 4:3 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. தாம்பாளம் படுத்த முட்டையாக, 8 அகலம் 6 உயரம் என்று இருந்திருந்தால் நேர்மாறான தப்பு, 4:3 படத்தை 16:9-க்கு இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏன் இப்படி ஏமாறுகிறது என்றால், நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் வந்த டிவிடி அகலப் படமாக இருந்தாலும் பழைய 4:3 படமாக இருந்தாலும் உள்ளே 720 × 576 புள்ளிகள்தான். 720-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். 4:3 என்றால் 1.33, 16:9 என்றால் 1.78. இரண்டும் இல்லை! காரணம், அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை. கேமரா அகலப் படத்தை நெருக்கி அதே 720-க்குள் திணித்துவிடும், திரும்ப விரிக்க வேண்டும் என்பதை ஃபைலுக்குள் ஒரு குறிப்பாக எழுதி வைக்கும். டிவிடி பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்தது, அதனால் தங்கை தங்கையாகத் தெரிந்தாள். நீங்கள் டிவிடியிலிருந்து ஃபைலை உருவியபோது அந்தக் குறிப்பு எங்கேயோ உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உதிர்ந்த பிறகு சாஃப்ட்வேர் ஒரு 4:3 டைம்லைன், அதாவது கிளிப்புகளை அடுக்கி எடிட் செய்கிற சட்டம், போட்டு, அதைக் கொண்டுபோய் 1920 × 1080 சட்டத்துக்குள் வைத்து, மிச்ச இடத்தில் கறுப்பு அடித்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் கறுப்பு இப்போது படத்தோடு சேர்த்து வெந்துவிட்டது, டிவி அதையும் படம் என்றே நினைக்கும், ரிமோட் என்ன செய்யும் பாவம்.

சரி, வைத்தியம். எடிட் செய்ததைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர் என்றால் அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக், மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ். அங்கே பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருக்கும், அதில் பால் வைட்ஸ்கிரீன் 16:9, பக்கத்தில் 1.4587 என்று எண் போட்டிருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்றால் மீடியா பூலில் ரைட் கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், அதிலும் இதே பெயரில் ஒரு வரி உண்டு. தாம்பாளம் உடனே வட்டமாகிவிடும். வட்டமான பிறகு டைம்லைனை 1920 × 1080, சதுரப் புள்ளி என்று வைத்துக்கொண்டு, கிளிப் ஓரம் வரை நிரம்பும்படி சாஃப்ட்வேரில் ‘ஸ்கேல்’ என்று இருக்கிற பெரிதாக்கும் அளவை ஒழுங்கு செய்யுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் அந்தச் சங்கிலிப் பொத்தானைக் கழற்றி அகலத்தை மட்டும் இழுக்கிற ஆசை வரும், வரக்கூடாது.

சில பழைய சாஃப்ட்வேரில் 1.4587-க்குப் பதில் 1.4222 என்று இருக்கும். எது சரி என்று இணையத்தில் சண்டையே நடந்திருக்கிறது. 720 புள்ளியில் நிஜப் படம் கிட்டத்தட்ட 702தான், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் உபரி, அந்த உபரியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் தகராறு. வித்தியாசம் இரண்டரை சதவீதம். உங்கள் தங்கையின் மாமியார் கூடக் கண்டுபிடிக்க மாட்டார். ஓரத்தில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் பக்கத்துக்கு எட்டு புள்ளி வெட்டிவிட்டுப் படத்தைச் சீராகக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், போதும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விடுகிறார்கள். அந்தக் காலத்து வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிரித்து வைத்திருக்கும், நொடிக்கு 50 பாதி. அதை அப்படியே 576-லிருந்து 1080-க்குப் பெரிதாக்கினால் நாதஸ்வரக்காரரின் விரல் அசையும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது அந்தப் பாதிகளை முழு ஃபிரேமாக்குவது, அதற்குப் பிறகே பெரிதாக்குவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரிலேயே அதற்கு ஃபில்டர் இருக்கிறது. நொடிக்கு 50 முழு ஃபிரேமாக எடுத்தால் அசைவு வழவழவென்று வரும், 25 என்றாலும் மோசமில்லை.

கடைசியாக ஒன்று, அன்றைக்கு எடுத்த ஸ்டுடியோக்காரர் இன்னும் இருந்தால் மினிடிவி (MiniDV) என்ற அந்தக் காலத்துக் கேமரா டேப் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். டிவிடி என்பது அந்த டேப்பை அமுக்கிப் பிழிந்தது. டேப்பிலிருந்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி சொச்சம் வரும், ஆனால் புடவைக் கரை புடவைக் கரையாகத் தெரியும். அதற்கு, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டிய ஃபயர்வயர் கார்டை நான் லாமிங்டன் ரோட்டில் ஒரு கடை வாசலில் பெட்டியைக் கிளறி எடுத்தேன்.

நானும் இதில் அடி வாங்கியவன்தான். ஒரு அரங்கேற்றத்தை அகலத்தில் எடுத்துவிட்டு, டிவிடி அடிக்கும்போது 4:3 என்ற கட்டத்தில் டிக் போட்டு அறுபது பிரதி கொடுத்துவிட்டேன். நட்டுவனார் போன் செய்து, “தம்பி, பொண்ணு அரைமண்டியில உட்கார்ந்தாளா நின்னாளா?” என்று கேட்டார். அறுபதையும் திரும்ப அடித்தேன்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ ஒல்லியாகிறது. அதே ஃபைல் விஎல்சி பிளேயரில் சரியாக இருக்கிறதே? — வாசகர், முலுண்ட்

மேலே சொன்ன அதே குறிப்புதான். விஎல்சி அதைப் படிக்கிறது, வழியில் இருக்கிற எல்லோரும் படிப்பதில்லை. எக்ஸ்போர்ட் செய்யும்போது சதுரப் பிக்சல், அதாவது ரேஷியோ 1.0 என்று வைத்து எடுங்கள், நம்புவதற்குக் குறிப்பே தேவைப்படாது. ஒரு எச்சரிக்கை, விஎல்சியில் தெரியாமல் ‘ஏ’ எழுத்தை அழுத்தினால் ரேஷியோ மாறிக்கொண்டே போகும், ஃபைலில் எதுவும் மாறாது, பார்வைதான் மாறும். அதைப் பார்த்துப் பயந்து ராத்திரி முழுக்கத் திரும்ப ரெண்டர் போட்ட பையன் ஒருவன் என் அறையிலேயே இருந்தான். ஃபைலின் நிஜம் தெரிய வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் திறந்து பாருங்கள்.

கேள்வி: தாராவியில் நாலு நண்பர்கள் சேர்ந்து 22 நிமிஷக் குறும்படம் எடுத்திருக்கிறோம். சினிமாஸ்கோப் லுக் வேண்டும் என்று 1920 × 1080 டைம்லைனில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வைத்து யூடியூபில் போட்டோம். போனில் பார்த்தால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால் தலை மாதிரி படம். எங்கே தப்பு? — வாசகர், தாராவி

பட்டையில்தான் தப்பு. பட்டை என்பது படம் இல்லாத இடம் தம்பி, நீங்கள் அதைப் படமாக வைத்துவிட்டீர்கள். இப்போது வருகிற போன்கள் பெரும்பாலும் 20:9 சுற்றுவட்டாரம், 16:9-ஐவிட அகலம். உங்கள் ஃபைல் 16:9 சட்டம் என்பதால் போன் இடது வலது பக்கம் கறுப்பு போடுகிறது, மேலும் கீழும் நீங்களே போட்டுவிட்டீர்கள். பட்டையைத் தூக்குங்கள். டைம்லைனையே 1920 × 804 என்று மாற்றுங்கள். யூடியூப் தானாக எங்கே எவ்வளவு கறுப்பு வேண்டுமோ அவ்வளவு போட்டுக்கொள்ளும், அதே போனில் படம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிற்கும்.

ஏன் 804? ஸ்கோப் சட்டம் உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலம், 1920-ஐ 2.39-ஆல் வகுத்தால் 803 சொச்சம். ஒற்றைப்படை எண் கொடுத்தால் வீடியோவை அமுக்கி ஃபைலாக்குகிற பல என்கோடர்கள் முரண்டு பிடிக்கும், நிறத் தகவலை இரண்டு இரண்டு புள்ளியாகச் சேர்த்து வைப்பது அதன் வேலை முறை. அதனால் இரட்டைப்படைக்குத் தள்ளுகிறோம். உங்களுக்கு யாராவது 2.35 என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதுவும் பொய் இல்லை. 1953-இல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப் 2.55 என்று வந்து, கொஞ்ச காலத்தில் 2.35 என்று நிலைத்தது, 1970 வாக்கில் தரத்தைத் திருத்தி 2.39 ஆக்கினார்கள், பேச்சு மட்டும் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. தமிழுக்கு ஸ்கோப் வந்தது 1973-இல், சிவாஜியின் ‘ராஜராஜ சோழன்’. அன்றைக்கு லென்ஸே படத்தை நெருக்கி ஃபிலிமில் பதியும், தியேட்டரில் இன்னொரு லென்ஸ் விரிக்கும். செம்பூர் அம்மாவின் டிவிடி செய்வதும் அதே நெருக்கி விரிக்கிற வித்தைதான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். 1080-லிருந்து 804 எடுத்தால் மேலே 138, கீழே 138 வரி போகிறது. கேமராக்காரர் ஸ்கோப் கோட்டைத் திரையில் போட்டுக்கொண்டு எடுத்திருந்தால் கவலையில்லை. நீங்கள் அனுப்பிய துண்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, டீக்கடைக் காட்சியில் பெரியவரின் நெற்றி காணாமல் போகிறது. நல்ல செய்தி என்னவென்றால் பட்டையின் பின்னால் அந்த நெற்றி பத்திரமாக இருக்கிறது. 804 டைம்லைனில் ஒவ்வொரு ஷாட்டாக எடுத்து மேலேயோ கீழேயோ 138 வரிக்குள் நகர்த்துங்கள், 22 நிமிஷப் படத்துக்கு ஒரு நாள் வேலை, ஆனால் பாதிப் படத்தின் ஃபிரேமிங் இங்கேதான் பிழைக்கும். எல்லா ஷாட்டையும் நடுவில் வெட்டிவிட்டு ‘சினிமாட்டிக்’ என்று பெயர் வைப்பதில் எனக்கு மரியாதை கிடையாது. படிக்கட்டும் சந்தும் ஏணியும் மாடி மேல் மாடியுமாக இருக்கிற தாராவியை ஏன் படுக்கை வசத்தில் எடுக்க வேண்டும் என்றும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். உயரத்தைப்போல 1.85 மடங்கு அகலம் போதாதா? சரி, அது உங்கள் படம்.

விழாக்களுக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தியேட்டர் ப்ரொஜெக்டருக்குக் கொடுக்கிற டிசிபியில் இரண்டே சட்டம்தான் வழக்கம். ஸ்கோப் என்றால் 2048 × 858, ஃப்ளாட், அதாவது 1.85, என்றால் 1998 × 1080. பட்டையோடு இருக்கிற உங்கள் இப்போதைய ஃபைலை ஃப்ளாட் சட்டத்தில் வைத்தால் பக்கத்துக்கு 39 புள்ளி கறுப்பு சேரும், போனில் வந்த தபால் தலை தியேட்டரிலும் வரும். சப்டைட்டிலைப் பட்டைக்குள் வைத்திருக்கிறீர்கள், அதையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். ஸ்கோப் திரையில் பட்டை இருந்த இடமே இருக்காது, எழுத்து எங்கே போய் விழும்?

கேள்வி: பழைய 4:3 கிளிப்பை இப்போதைய வீடியோவில் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது நல்லதா, மேல் கீழ் வெட்டுவது நல்லதா? — வாசகர், விரார்

இரண்டும் வேண்டாம், கறுப்பாகவே விடுங்கள். 1080 உயரத்தில் 4:3 என்றால் 1440 அகலம், பக்கத்துக்கு 240 புள்ளி காலி, அது ஒன்றும் குடி முழுகிப்போகிற விஷயமில்லை. மங்கலாக்கி நிரப்பினால் தாலி கட்டுகிற நேரத்தில் ஓரத்தில் ஏதோ பூதம் அசைகிற மாதிரி இருக்கும், கண் அங்கேதான் போகும். வெட்டினால் உயரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மெட்டி போடுகிற ஷாட்டில் ஒன்று மாப்பிள்ளை தலை போகும் அல்லது மெட்டி போகும்.

நம் வீடுகளில் இந்தக் கறுப்பின் மேல் ஒரு கோபம் உண்டு. தட்டை டிவி புதிதாக வந்தபோது கேபிளில் எல்லாச் சேனலும் 4:3, “காசு கொடுத்து வாங்கின டிவியில ஓரத்தை ஏன் சும்மா விடணும்” என்று எங்கள் அப்பா இழுத்து வைத்துத்தான் பார்ப்பார். செய்தி வாசிப்பவர் எல்லோருக்கும் கழுத்து தூண் மாதிரி இருக்கும். நான் சரி செய்து வைப்பேன், காலையில் எழுந்தால் திரும்பத் தூண்.

கேள்வி: மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சியை முழு ஹெச்டியில் அகலமாக எடுத்திருக்கிறோம். ரீல்ஸுக்கு நெட்டு வசத்தில் மாற்ற வேண்டும். சாஃப்ட்வேர் தானாகச் செய்து கொடுத்ததில் கைகள் வெட்டுப்படுகின்றன. — வாசகி, மாட்டுங்கா

வெட்டுப்படத்தான் செய்யும். 1920 அகலத்திலிருந்து 9:16 துண்டு எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 608 புள்ளி, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாட்டியாரம்பத்தில் இரண்டு கையையும் நீட்டி அரைமண்டியில் உட்கார்ந்தால் அந்தக் குழந்தை உயரத்தைவிட அகலம்! அதை நெட்டுக்குத்தலான டப்பாவில் எப்படி அடைப்பது. தானாகச் செய்கிற வசதி முகத்தைத்தான் துரத்தும், அதற்கு முத்திரை தெரியாது. போதாததற்கு 608-ஐ 1080 ஆக ஊதிப் பெரிதாக்குகிறது, அதனால்தான் மங்கலாகவும் இருக்கிறது. 4கேயில், அதாவது இதைப்போல இரண்டு மடங்கு அகலம், இரண்டு மடங்கு உயரத்தில் எடுத்திருந்தால் துண்டே 1215 அகலம் வந்திருக்கும், மங்கல் பிரச்சினை மட்டுமாவது போயிருக்கும்.

நான் செய்வது இது. அபிநயப் பகுதிகளை, அதாவது ஒரே இடத்தில் நின்று முகமும் ஒரு கையும் பேசுகிற இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் 9:16-க்கு வெட்டுவேன், நகர்த்த வேண்டியிருந்தால் கீஃபிரேம் (இந்த நொடியில் படம் இங்கே நிற்க வேண்டும் என்ற குறி) வைத்துக் கையாலேயே மெதுவாக. ஜதிக்கு 4:5, அதாவது 1080 × 1350. அதில் 864 புள்ளி அகலம் கிடைக்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். தில்லானாவை வெட்டவே மாட்டேன். நெட்டு சட்டத்தின் நடுவில் அகலப் படத்தை முழுசாக வைத்து மேலே ராகம், தாளம் எழுதிவிடுவேன். சின்னதாகத் தெரியும்தான், ஆனால் பாதம் தெரியும்.

அடுத்த தடவை, மேடைக்கு நேராக ஒரு கேமரா அகலத்தில், பக்கத்திலேயே ஸ்டாண்டில் ஒரு போன் நெட்டு வசத்தில். அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி: அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு டோம்பிவிலியில் ஒரு ஹாலில் எல்இடி வால், அதாவது சுவர் மாதிரி பெரிய திரை, வைக்கிறார்கள். போன மாதம் இன்னொரு விசேஷத்தில் அதே மாதிரி வாலில் போட்ட வீடியோவில் எல்லோரும் நெருக்கி வைத்த மாதிரி இருந்தார்கள். 16:9-தானே எல்லாவற்றுக்கும் பொது? — வாசகர், கல்யாண்

டிவிக்குப் பொது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்போது புழக்கத்தில் இருந்த சட்டங்களை எல்லாம் ஒரே பரப்பளவில் செவ்வகமாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிப் பார்த்துத்தான் 16:9-க்கு வந்தார், 4:3-க்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒரு பஞ்சாயத்து மாதிரி. எல்இடி வால்காரருக்கு அந்தப் பஞ்சாயத்து செல்லாது. அவர் பலகைகளை அடுக்குகிறார், மேடையில் எத்தனை நிற்குமோ அத்தனை. 12 அடிக்கு 8 அடி வால் என்றால் அது 3:2. உங்கள் 16:9 வீடியோவை அதில் ஃபுல்லாகப் போட்டால் அகலத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம் நெருங்கும். ஆபரேட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை, அவரிடம் கறுப்பு தெரிந்தால் “வால்ல பாதி வேலை செய்யலையா” என்று கேட்கிற மாமா எல்லா விசேஷத்திலும் ஒருவர் இருப்பார்.

அதனால் ஒரு வாரம் முன்னாலேயே போன் செய்து அடியைக் கேட்காதீர்கள், புள்ளியைக் கேளுங்கள். அரை மீட்டர் பலகை, புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு பலகைக்கு 128 × 128. அப்படி அகலத்தில் எட்டு, உயரத்தில் ஐந்து வைத்தால் 1024 × 640. டைம்லைனை 2048 × 1280 என்று, அதே வடிவத்தில் இரண்டு மடங்காக வைத்து எடிட் செய்து, எக்ஸ்போர்ட்டில் 1024 × 640-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய வாலில் 640 வரிதான் என்பதை மனசில் வைத்து எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், மெல்லிய எழுத்து அங்கே நொறுங்கிவிடும். அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக இழுக்க வேண்டாம், பின்னால் ஒரு பட்டுப்புடவை நிறத்தை வைத்து நடுவில் முழுசாக வையுங்கள்.

அப்புறம், பென் டிரைவில் வீடியோவுக்கு முன்னால் ஐந்து நொடிக்கு வெள்ளைப் பின்னணியில் ஒரு பெரிய கறுப்பு வட்டம் மட்டும் வைத்து ஒரு தனி ஃபைல் கொடுங்கள். காலையில் ஹோமப் புகை கிளம்புவதற்கு முன்னால் ஆபரேட்டரிடம் அதைப் போடச் சொல்லி, ஹாலின் கடைசி வரிசையில் போய் நின்று பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் அவர் கையில் இருக்கிற கன்ட்ரோலரில் ஃபுல் என்பதை எடுத்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை, கூட ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.